தெருக்குத்து வாசல்

ஆடி 9, திங்கள்
விடிந்ததிலிருந்து மலைக்காற்று. பஞ்சு அறை முழுக்கத் தூசு. எஞ்சின் பெல்ட் மறுபடி தளர்வு, இழுத்துத் தைத்தேன். போன வாரம் ராக்கம்மாவின் கையைத் தோளோடு பிடுங்கிய அதே பெல்ட். சுற்றிக் கம்பிக் கூண்டு போடுங்கள் என்று கேட்டோம். முதலாளி சோசியரைக் கூட்டி வந்தார்.

சோசியர் பார்த்தது வாசலை. இந்த மில் ஒரு காலத்தில் வெள்ளைக்காரன் காப்பி மூட்டை அடுக்கக் கட்டிய கிட்டங்கி. ஆடலூர் வண்டிகள் மலையிறங்கி அப்படியே உள்ளே நுழைய, ரோட்டுக்கு நேராக வாசல். திருட்டுப் பயத்தில் ஜன்னல் எல்லாம் எட்டாத உயரம், கம்பி வேறு.

"தெருக்குத்துங்க. ரோடு நேரா வந்து வாசல்ல குத்துது. அதான் ரத்தம் கேக்குது."

மயிரு கேக்குது.

ஆடி 11, புதன்
வாசலைச் செங்கல் வைத்து அடைத்தாயிற்று. வெளிப்பக்க மாடத்தில் பிள்ளையார். வடக்கே ஒரு ஆள் நுழையும் அளவுக்குப் புதுக் கதவு. கூண்டு இல்லை.

பஞ்சு அறையில் வேலை பார்க்கும் மச்சான் சொன்னார்: "பிள்ளையாருக்கு நாலு கை மாப்ளே, ஒண்ணு போனாலும் சமாளிப்பாரு. ராக்கம்மா என்ன செய்வா?"

சங்கு ஊதியதும் பாதிப் பேர் பழைய வாசலுக்கே போய், சுவரைப் பார்த்துச் சிரித்துத் திரும்பினார்கள். நானும்தான்.

அக்காவுக்கு மாசம் ஏழு. மலைப் பேரிக்காய் வேண்டுமாம். மச்சானுக்கு ஞாபகம் இருக்காது, நான் வாங்க வேண்டும்.

ஆடி 14, சனி
மத்தியானம் தீ. பஞ்சோடு வந்த கல் மிசினில் உரசிப் பொறி. நான் வெளியே பாய்லரடியில். புகையில் கண் தெரியாமல், கால் பழகின பக்கமே ஓடியிருக்கிறார்கள். அடைத்த சுவரை உள்ளிருந்து அடிக்கும் சத்தம். மச்சான் குரல் கேட்டது. "மாப்ளே, இடிங்க."

கடப்பாரையை ஓங்கினேன். மானேஜர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே, சாமி இருக்கு. மேல படப்போகுது. மொதலாளி வரட்டும்."

உதறிவிட்டு இடித்தேன். ஈரச் சாந்து, சீக்கிரமே விட்டது. அதற்குள் உள்ளே சத்தம் நின்றிருந்தது. ஒருவர்மேல் ஒருவராகக் கிடந்தார்கள். அடியில் மச்சான். விரலில் நகம் இல்லை.

மானேஜரைக் கொல்ல வேண்டும்.

ஆடி 15, ஞாயிறு
மழை. விறகு பிடிக்க மறுத்தது. மச்சானை எரித்துவிட்டு வந்தால் வீட்டுக்குள் மானேஜர், நாற்காலியில். அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"சோசியரு சொன்னது பலிச்சுப் போச்சு பாத்தியாம்மா. வாசல அடச்சும் ரத்தம் கேட்டுருச்சு."

அடித்தேன். கீழே விழுந்தார். விழுந்த பிறகும் மிதித்தேன். அக்கா எழுந்தாள். தடுக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். என்னைத் தாண்டிப் போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.