கல்யாணத் தாய்க்கு ஊற்றிய தேநீர்

அன்பு மகன் அக்தானுக்கு,

உன் அம்மா ஊல்கான் எழுதுவது. இங்கே மனிதரும் மந்தையும் சுகம். சாம்பல் குதிரைக்கு இருமல் விட்டுவிட்டது, உன் அப்பாவுக்குத்தான் விடவில்லை. அங்கே எல்லைச் சாவடியில் நீயும் உன் கீழ் வேலை பார்க்கும் பையன்களும் குறையில்லாமல் இருக்க வேண்டும். போனில் கேட்டால் நல்லாருக்கேம்மா என்று சொல்லி வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். காகிதத்தைப் பாதியில் வைத்துவிட முடியாது. ஏழாம் வகுப்போடு என்னை ஆட்டுக்குட்டிகளிடம் அனுப்பிவிட்டார்கள், மிச்சமெல்லாம் பழைய பத்திரிகைகளைப் பார்த்து நானே படித்துக்கொண்டது. பிழை இருந்தால் உன் கேப்டனிடம் கொடுத்துத் திருத்திக்கொள். எல்லாவற்றையும் அவள்தானே திருத்துகிறாள்.

உன் கல்யாணத்தில் அந்தக் கேப்டன் குல்சானாவைக் கல்யாணத் தாயாக நிறுத்த என் சம்மதம் கேட்டாய். அப்படி ஒருத்தியை நிறுத்துவது நம் வழக்கம்தான், எனக்குத் தெரியாததா. நாளைக்கு உனக்கும் நீ கட்டப்போகிற மீரிமுக்கும் சண்டை என்றால் அவள் வந்து நிற்கப்போவது என் வாசலில் இல்லை, அந்தக் கல்யாணத் தாயின் வாசலில். அதனால்தான் அந்த இடத்துக்கு என் தங்கையை நான் மனதில் வைத்திருந்தேன். நீ பட்டாளத்தில் மனசுக்கு மருந்து போடுகிறவளைக் கொண்டுவருகிறாய். பனிச்சரிவு வழியை மூடி, நீயும் பையன்களும் மேலே மாட்டிக்கொண்டு மீண்ட பிறகு ஒரு பேட்டி கொடுத்தாயே, அதை எனக்குக் காட்டியது யார் தெரியுமா, கடைக்காரி பாத்மா. எங்க கேப்டன்தான் என்னை மனுஷனாக்கினாங்க என்று நீ அதில் சொல்கிறாய். பாத்மா மாவை அளந்துகொண்டே, அப்ப நீ இத்தனை வருஷம் வளர்த்தது என்னடி, ஆட்டுக்குட்டியா என்று கேட்டாள். கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். மாவை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

நீ சின்னப் பிள்ளையாய் இருந்தபோது புயலில் உன்னைக் கணவாய் தாண்டக் கூட்டிப்போனது யார்? குளிருதும்மா என்று நீ அழுதபோது, குளிருதுன்னு சொன்னா குளிருக்குக் காது கேக்கும், வாய மூடி நட என்று சொன்னது யார்? நடந்தாய். உறுதி என்று அவர்கள் வகுப்பு எடுக்கிறார்களே, அதை நான் உனக்குத் தாய்ப்பாலோடு கொடுத்துவிட்டேன். பெத்து வளர்க்க ஒருத்தி, பேர் வாங்க ஒருத்தி.

போன வாரம் அவளே வந்து இறங்கினாள். நரீனுக்குப் போகிற வழியாம், சம்மதம் நேரில் கேட்கலாமென்று வந்தாளாம். வாசலில் வந்தவளைத் திருப்பி அனுப்ப நான் மனுஷி இல்லையா என்ன, உட்காரச் சொன்னேன். ஆனால் கிண்ணத்தில் தேநீரை விளிம்பு வரை ஊற்றினேன். மதிக்கிற விருந்தாளிக்கு அரைக் கிண்ணம், குடித்துவிட்டுக் கிளம்பு என்றால் முழுக் கிண்ணம். இது தெரியாத கிர்கிஸ்காரி யாரும் கிடையாது. அவள் பார்த்தாள், சிரித்தாள், கடைசிச் சொட்டு வரை குடித்தாள், கிண்ணத்தை மறுபடி நீட்டினாள். வண்டியில ஹீட்டர் வேலை செய்யலைம்மா, எனக்குக் கால் ரெண்டும் மரத்துப்போச்சு, அடுப்புப் பக்கத்துல உக்காந்துக்கட்டுமா என்றாள். அதிகாரி, சீருடை, தோளில் நட்சத்திரம்! வெட்கமே இல்லாமல் சொல்கிறாள். நான் என்ன செய்ய முடியும்? உனக்கென்று பின்னி வைத்திருந்த கம்பளிக் காலுறையை எடுத்துக் கொடுத்தேன். அது அவளுக்குச் சரியாக இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

நான் நேராகவே கேட்டுவிட்டேன், என் பிள்ளைக்கு நீ அப்படி என்னத்தக் கத்துக்கொடுத்த என்று. தாங்குறதுக்கு நான் ஒண்ணுமே கத்துக்கொடுக்கலைம்மா, அது அவன் வரும்போதே மூட்டை கட்டிக் கொண்டுவந்தது, சொல்றதுக்குத்தான் பழக்கினேன் என்றாள். மேலே மாட்டிக்கொண்ட அன்று, கால் மரத்துப்போச்சு, பயமாவும் இருக்கு என்று முதலில் வாய் திறந்தது நீதானாம். தங்கள் அதிகாரியே சொல்லிவிட்டார் என்ற பிறகுதான் பையன்கள் பூட்ஸைக் கழற்றினார்களாம். ஒருத்தன் காலை ஒருத்தன் வயிற்றில் வைத்துச் சூடேற்றி, ஒருவனுக்கும் ஒரு விரல்கூடப் போகவில்லையாம். இரண்டு கால்விரல் இல்லாத உன் அப்பா இதைக் கேட்டுத் தொடையைத் தட்டிச் சிரித்தார். நானும் அன்னிக்குக் கணவாயிலயே சொல்லியிருப்பேன் தாயி, ஆனா இவகிட்டச் சொல்றதுக்கு விரல் போனாலே தேவலைன்னு நடந்துட்டேன் என்றார். நான் பார்த்த பார்வையில் அவருடைய இருமல்கூட நின்றுவிட்டது.

நான் வளர்த்தது தப்பு என்று எழுதுவேன் என எதிர்பார்க்காதே. வாயை மூடி நடந்ததால்தான் நீ அந்த மலையில் நிற்க முடிந்தது. ஆனால் அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை, ஏன் தெரியுமா? எந்தக் கால் மரத்தது என்று அவளிடம் கேட்டேன். அத அவன்தாம்மா உங்ககிட்டச் சொல்லணும், என்கிட்டச் சொன்னத நான் வெளிய எடுத்துப் போடுறதில்ல என்றாள். என் வீட்டில், என் அடுப்பருகில், என் காலுறையைப் போட்டுக்கொண்டு சொல்கிறாள். உன்னைப் பெற்றவளுக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிகிறது. கிளம்பும்போது மூன்றாவது கிண்ணம் கேட்டாள். அரைதான் ஊற்றினேன். அதை நீ பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பாத்திரத்தில் தேநீர் தீர்ந்துவிட்டது.

கல்யாணத்தில் அவள் நிற்கட்டும். ஆனால் மருமகளை வரவேற்று அவள் தலையில் வெள்ளைத் துணி கட்டுவது நான், படம் எடுக்கும்போது உன் பக்கத்தில் நிற்பது நான், அவள் எனக்கு அடுத்து. இதுவும் நீ பதில் எழுதிய பிறகுதான். அவளிடம் சொன்னதை என்னிடமும் சொல்ல வேண்டும், இப்போது வலி இருக்கிறதா என்பதையும் சேர்த்து. குளிருக்குக் காது கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். உனக்குப் புது ஜோடி பின்னுகிறேன், ஒன்று முடிந்துவிட்டது, மற்றதை இரட்டை நூலில் பின்ன வேண்டும். காலுறைக்கு ஏதுடி இடது வலது என்று உன் அப்பா கேட்கிறார். எனக்கு உண்டு. ஊசி அப்படியே நிற்கிறது, எந்தக் கால் என்று எழுது.

உன் வழி திறந்தே இருக்கட்டும், உன்னோடு போகிறவர்கள் எல்லாரும் உன்னோடு திரும்பட்டும். வெறும் வயிற்றில் காவலுக்குப் போகாதே.

உன்னைப் பெற்ற, ஒரே,
அம்மா ஊல்கான்
அட்பாஷி