உள்ளே என்ன பேசினார்கள்?

1938 ஜனவரி 11, செவ்வாய்

சங்கு ஊதுவதற்குள் ஆலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். வில்லியனூரிலிருந்து முதலியார்பேட்டை வரை வழியெல்லாம் பனி. முன்னால் போன பெண்கள் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு போனார்கள். நான் எட்டி நடந்து பக்கத்தில் போனதும் பேச்சு நின்றது. "இன்னாமா பனி பெய்யுது" என்றாள் ஒருத்தி. பனியைப் பற்றியா அவ்வளவு நேரம் சிரித்தார்கள்?

வேலைநிறுத்தம் முடிந்து ஆலை திறந்ததிலிருந்து இப்படித்தான். மழைக்காலம் முழுக்க கேட்டுக்கு வெளியே கிடந்தோம். சர்க்கார் சொல்தாக்கள் துப்பாக்கியோடு எதிரில் நின்றார்கள். கீரையும் கிழங்குமாகத் தின்று நாளை ஓட்டினோம். கடைசியில் சங்கத்திலிருந்து ஐந்து பேர் பேச உள்ளே போனார்கள். அதில் என் வீட்டுக்காரர் செல்லப்பனும் ஒருவர்.

வெளியே வந்தது என்ன? தறி ஓட்டும் ஆண்களுக்கு ஏதோ கொஞ்சம் கூலி ஏறியது. சங்கு ஊதியதும் அவர்கள் வீட்டுக்குப் போகலாம். நூல் சுற்றும் எங்களுக்கு ஏற்றமும் இல்லை, நேரமும் இல்லை. கொடுத்த நூலை முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். "பெண்கள் விஷயம் பிறகு பார்க்கப்படும்." அவ்வளவுதான்.

ஐந்து பேரில் எவனோ வாங்கித் தின்றிருக்கிறான் என்று ஊர் சொல்கிறது. எவன் என்று சொல்வதில்லை. நான் வந்தால் வாயை மூடிக்கொள்கிறது.

ஜனவரி 14, வெள்ளி

பொங்கல். நாங்கள் மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரர்கள் என்றாலும், என்னோடு நூல் சுற்றும் அடுத்த வீட்டு வள்ளியம்மாள் வருஷா வருஷம் ஒரு கிண்ணம் நிறையக் கொண்டுவந்து வைப்பாள். இந்த வருஷம் வரவில்லை. கைக்குழந்தைக்காரி, நேரம் ஒழிந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு எதிர்வீட்டுக்குக் கொண்டுபோவதைப் பார்த்தேன்.

ஜனவரி 16, ஞாயிறு

பூசைக்குக்கூட நிற்காமல் கிளம்பிவிட்டார். செல்லிப்பட்டில் தங்கச்சி வீட்டுக்காம். போன வாரமும் அங்கேதான் போனார். தங்கச்சி மேல் எப்போதிலிருந்து இத்தனை பாசம்?

ஜனவரி 19, புதன்

இன்று மேஸ்திரி இருசப்பன் என்னைக் கூப்பிட்டான். கூடம் முழுக்கக் கேட்கும்படி, "காசம்மா, உனக்கு எதுக்கு அந்தப் புழுக்கத்துல வேல? ஜன்னலோரம் வந்துடு. செல்லப்பன் பொஞ்சாதியாச்சே" என்றான்.

எனக்கெதுக்கு ஜன்னலு? நான் கேட்டனா? அவன் யாரு எனக்கு எடம் பாத்துக் குடுக்க? போகமாட்டேன்னு சொல்ல வாய் வரல. போய் உக்காந்துட்டேன். நல்ல காத்து. முதுகுல அத்தனை கண்ணு.

செல்லப்பன் பொஞ்சாதியாச்சே. அப்படியென்றால் செல்லப்பன் அவனுக்கு என்ன செய்தார்?

ஜனவரி 20, வியாழன்

கேட்டேன். "உள்ள இன்னாதான் பேசினீங்க?" "அதெல்லாம் இன்னாத்துக்கு இப்ப?" பாதிக் கஞ்சியில் எழுந்து போய்விட்டார்.

ஜனவரி 24, திங்கள்

நேற்று புளியந்தோப்பில் சங்கக் கூட்டம். வேலைநிறுத்தத்தின்போது தோப்பு கொள்ளாது. நேற்று பாதிகூட இல்லை. தறிக்கூடத்துச் சிங்காரவேலு எழுந்து நின்று கத்தினான். "அஞ்சு பேரு உள்ள போனானுங்க. போகும்போது நம்ம ஆளு. வரும்போது யாரு ஆளு? அத மொதல்ல சொல்லுங்க, அப்பறம் சந்தா கேளுங்க!"

உள்ளே போனவர்களில் மணவாளன் மட்டும் வந்திருந்தான். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். இவர் வரவில்லை. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து கத்தியிருப்பேன், என் வீட்டு ஆளாக இல்லாவிட்டால்.

ஜனவரி 30, ஞாயிறு

மாதா கோயில் வாசலில் செல்லிப்பட்டு நாத்தனார் சின்னப்பிள்ளை நின்றுகொண்டிருந்தாள், வேண்டுதலுக்கு வந்தாளாம். "அண்ணன் எங்க அண்ணி? ஊர்ப் பக்கமே வர்றதில்ல. அறுப்புக்குக்கூட எட்டிப் பாக்கல" என்றாள்.

அந்த நேரத்தில் இவர் "செல்லிப்பட்டில்" இருக்கிறார்.

நான் காட்டிக்கொள்ளவில்லை. வேலை அதிகம் என்று சொல்லிவிட்டேன். எனக்கும் பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது.

பிப்ரவரி 2, புதன்

அவர் கொல்லைக்குப் போயிருந்தபோது சட்டைப்பை, தகரப்பெட்டி, பரண் எல்லாம் தேடினேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததே சந்தேகமாக இருக்கிறது. வேறு எங்கே வைத்திருப்பார்?

பிப்ரவரி 6, ஞாயிறு

இன்று பின்னாலேயே போனேன். தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, தூரமாகவே. செல்லிப்பட்டு வழியில் போகவில்லை. திருக்காஞ்சிப் பக்கம் திரும்பி ஆற்றில் இறங்கினார். மணலில் உட்கார்ந்தார். நான் தாழம்புதர் ஓரத்தில் நின்றுகொண்டேன். யாரோ வரப்போகிறார்கள், இருசப்பனாகத்தான் இருக்கும், இன்று கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்றிருந்தேன்.

யாரும் வரவில்லை. வெயில் ஏறியது. அவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கால்தான் கடுத்தது. போய் எதிரில் நின்றேன்.

"யாருக்காகக் காத்துனு இருக்கே?"

திடுக்கிட்டுப் பார்த்தார். "யாருக்கும் இல்ல."

"தங்கச்சி வூடு இங்கதான் இருக்குதா?"

"ஊருல இருக்க முடியல காசம்மா. எல்லாரும் மூஞ்சியையே பாக்குறானுங்க. நீயும்தான் பாக்குறே."

"எவ்ளோ வாங்கினே?" கேட்டேவிட்டேன்.

கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. "வாங்கியிருந்தா சொல்றதுக்கு ஒண்ணு இருக்குமே" என்றார்.

"பின்ன உள்ள இன்னா நடந்துச்சு?"

கொஞ்ச நேரம் மணலை அள்ளி அள்ளிப் போட்டார். "நாற்காலி போட்டாங்க. துரைக்கு எதிருல அஞ்சு நாற்காலி. உக்காருங்கன்னான் துபாஷி. இத்தன வருஷத்துல ஆலையில ஒருத்தன் உக்காருன்னு சொன்னதில்ல. உக்காந்துட்டோம். கேட்டாண்ட நின்னுனு கத்தினதெல்லாம் அப்பறம் வாயில வரல. துபாஷி காயிதத்தப் படிச்சினே போனான். பொம்பளைங்க விஷயம் பொறவுன்னான். ஒருத்தன் மூஞ்ச ஒருத்தன் பாத்தோம். எவனாச்சும் பேசுவான்னு நான் பாத்தேன். அவனுங்களும் என்ன அப்பிடித்தான் பாத்திருப்பானுங்க. கையெழுத்துப் போடுன்னான். போட்டோம்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். இத ஊருல போய் எப்பிடிச் சொல்றது?"

பிப்ரவரி 7, திங்கள்

நம்பலாமா? காசு வாங்கினேன் என்று சொல்லியிருந்தால் அடித்துப் பிடித்து அழுது முடித்திருப்பேன். நாற்காலியில் உட்கார்ந்தேன் என்கிறார். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? உண்மையாகவும் இருக்கலாம். ஆற்றங்கரையில் உட்கார்ந்து ஜோடித்ததாகவும் இருக்கலாம்.

பிப்ரவரி 10, வியாழன்

மணவாளன் மனைவி கனகாம்பாள் எங்கள் கூடத்தில்தான் வேலை செய்கிறாள். தண்ணீர்க் குழாயடியில் அவளும் தனியாக, நானும் தனியாக. அவளே பேசினாள்.

"உன்ன ஜன்னலோரம் வச்சான். எங்க வூட்டுக்காரர இன்னா பண்ணான் தெரியுமா? சந்தையில அத்தன பேரு பாக்க, தோள்ல கை போட்டு இட்டுனு போயி வெத்தல வாங்கிக் குடுத்தான். பேசினது ஒண்ணுமில்ல, மாட்டுக்குத் தீனி கெடைக்குதான்னு கேட்டானாம். அன்னிலேருந்து தெருவுல ஒரு நாயி எங்ககூடப் பேசறதில்ல."

மற்ற மூன்று பேர் வீட்டிலும் விசாரித்தோம், எல்லாம் இதே கதைதான். ஒருவன் மகளுக்கு இருசப்பன் கொடுத்த கல்யாணப் புடவை. ஒருவனை வாடா மாமா என்று கூப்பிட்டிருக்கிறான். ஒவ்வொரு வீட்டுக்கும் ஊர் பார்க்க ஒரு சர்க்கரைத் துண்டு. நாங்கள் ஒன்றும் தின்னவில்லை, பழி மட்டும் எங்களுக்கு. இருசப்பனுக்கு வேண்டியதும் அதுதான்.

நேராக இருசப்பனிடம் போய் என் பழைய இடம் வேண்டும் என்றேன். "ஏன், காத்து ஒத்துக்கலியா?" என்று சிரித்தான். வள்ளியம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இது என்ன புது நாடகம் என்பதுபோல.

பிப்ரவரி 16, புதன்

சங்கு ஊதியது. ஆண்கள் கிளம்பும் சத்தம் கேட்டது. எங்கள் மெஷின்கள் ஓடிக்கொண்டே இருந்தன. வள்ளியம்மாள் எழுந்தாள். ரவிக்கையெல்லாம் நனைந்திருந்தது.

"எங்க போறே? நூல முடி" என்றான் இருசப்பன்.

"மாரு கட்டிக்கினு வலிக்குது. வூட்டுல புள்ள கத்தும். உன் நூலு கத்தாது."

நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. கனகாம்பாள் எழுந்தாள், நான் எழுந்தேன், பிறகு யார் யார் என்று தெரியவில்லை. அறுந்த நூலெல்லாம் அப்படியே தொங்கியது.

பிப்ரவரி 17, வியாழன்

வள்ளியம்மாளை மட்டும் கேட்டில் நிறுத்திவிட்டார்கள். நாங்கள் யாரும் உள்ளே போகவில்லை. சாலையோரம் உட்கார்ந்துவிட்டோம். ஆண்கள் போனார்கள். இவர் என்னை ஒரு தரம் பார்த்தார். பார்த்துவிட்டு உள்ளே போனார்.

போ. போய் உக்காரு. உனக்கென்ன, சங்கு ஊதினா வூட்டுக்கு வரலாம்.

வெயில் சுடத் தொடங்கிய நேரம் தறிச்சத்தம் குறைந்தது. பிறகு நின்றேவிட்டது. முதலில் வெளியே வந்தவர் இவர்தான். பின்னால் தறிக்கூடமே வந்தது. சிங்காரவேலு வந்த வேகத்தில் இவரிடம், "இன்னிக்கு எவன் சொல்லி வெளிய வந்தே?" என்றான். இவர் எங்கள் பக்கமாக வந்து தரையில் உட்கார்ந்தார்.

பிப்ரவரி 19, சனி

துரை கூப்பிடுவதாகத் துபாஷி வந்து சொன்னான். "ஒருத்தி மட்டும் வரணும். கூட்டமா வேணாம்." மாதா கோயில் கன்னியர்மாரிடம் எழுதப் படிக்கக் கற்றவள் நான்தான் என்று கனகாம்பாள் என்னைத் தள்ளிவிட்டாள். "அவளா?" என்றாள் வள்ளியம்மாள்.

எனக்கு நாற்காலி போடவில்லை. பொம்பளைதானே. நின்றேன். துபாஷி படித்தான். சங்கோடு போகலாம். கூலி ஈஸ்டர் கழித்து ஏறும். வள்ளியம்மாளுக்கு வேலை இல்லை.

"அவ இல்லாம யாரும் வரமாட்டோம்" என்றேன். துரை தலையைத் தூக்காமல் ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். யாரும் பேசவில்லை. அந்த மௌனம் இருக்கிறதே, அதை வெளியே வந்து யாருக்கும் சொல்லிக் காட்ட முடியாது. கடைசியில் துபாஷி, "மாசம் பொறந்ததும் வரட்டும்" என்றான். அதையும் எழுதுங்கள் என்றேன். "துரை வாக்குப் போதும்" என்றான். வெளியே ஏதோ ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

கையெழுத்துப் போட்டேன்.

இன்னும் கொஞ்சம் நின்றிருந்தால் எழுதியிருப்பார்களா? தெரியவில்லை.

மார்ச் 1, செவ்வாய்

மாசம் பிறந்ததும் வள்ளியம்மாள் எங்களோடு கேட்டுக்கு வந்தாள். அவள் பெயர் இல்லை என்றான் காவல்காரன். அவள் அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "உள்ள இன்னா பேசினே காசம்மா? ரொம்ப நேரம் ஆச்சே அன்னிக்கு?"

சொன்னேன். என் காதுக்கே பொய்போல இருந்தது.

சங்கு ஊதியது. ஒவ்வொருத்தியாக உள்ளே போனார்கள். நானும் போனேன்.

மார்ச் 2, புதன்

விபூதிப் புதன். நெற்றியில் சாம்பலோடு ஆலைக்குப் போனேன். இருசப்பன் எழுந்து நின்று எனக்குக் கும்பிடு போட்டான். எல்லோரும் பார்த்தார்கள்.

மார்ச் 6, ஞாயிறு

இவர் காலையில் எங்கும் போகவில்லை. தோப்பில் கூட்டம் என்றதும் அவரே முன்னால் நடந்தார்.

நான் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். துரை தலை தூக்காதது, எழுதாமல் விட்டதை நம்பிக் கையெழுத்துப் போட்டது எல்லாம். சொல்லி முடித்ததும் இவர் எழுந்தார். நாற்காலி விஷயத்தைச் சொன்னார். யாரோ சிரித்தார்கள். "கத நல்லாத்தான் இருக்குது" என்றான் சிங்காரவேலு. ஆனால் உட்கார்ந்துவிட்டான். மணவாளன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

வள்ளியம்மாள் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு கேட்டாள். "அதெல்லாம் சரி. செவ்வாக்கெழம நீ ஏன் உள்ள போனே?"

"பயந்துட்டேன்."

பிறகு சிங்காரவேலுதான், "நாளைக்கு அவ மொதல்ல உள்ள போவட்டும். அப்பறம்தான் நாம" என்றான். கை தூக்கினார்கள். எண்ணவில்லை. தூக்காதவர்களையும் பார்க்கவில்லை.

மார்ச் 8, செவ்வாய்

நேற்று எல்லோரும் கேட்டுக்கு வெளியே நின்றோம். இரண்டாம் சங்கு ஊதியும் யாரும் அசையவில்லை. இருசப்பன் வந்து பார்த்தான், போனான், மறுபடி வந்தான். அப்புறம் வள்ளியம்மாள் பெயரைக் கூப்பிட்டார்கள். இவ்வளவு சீக்கிரம் ஏன் விட்டார்கள் என்று உள்ளே போகும்போதே ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டோம். எனக்கும் அதே யோசனைதான்.

இன்று சங்கோடு எழுந்து வீட்டுக்கு நடந்தோம். வெளிச்சம் இருந்தது. வள்ளியம்மாள் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். ரெட்டியார்பாளையம் தாண்டியதும் நடையைக் குறைத்தாள். நான் பக்கத்தில் வந்ததும், முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அடுத்த தபா உள்ள கூப்ட்டா நானும் கூட வருவேன்."

"என்மேல நம்பிக்க இல்லியா?"

"இல்ல."

கொஞ்ச தூரம் அப்படியே நடந்தோம். பிறகு, "அந்தத் துபாஷி படிக்க ஆரம்பிச்சான்னா, மொதல்ல இன்னா கேக்கணும்?" என்றாள்.

சொல்லிக்கொண்டே வீடு வரைக்கும் வந்தேன்.