மொத்தத்தையும் சேர்த்தே

4 மார்ச் 2019

நான் ஓட்டும் பேருந்தை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். கழுத்தில் இருந்த கட்டி நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு டண்டி நகரத்துப் பயணிகளை யார் என்னிடம் ஒப்படைப்பார்கள்? மூன்று வாரத்தில் மருந்து ஏற்றத் தொடங்குகிறார்கள். அந்த மருந்து கட்டியோடு கருமுட்டைகளையும் அழித்துவிடலாமாம். அதற்குள் முட்டைகளை எடுத்து உறையவைக்கலாம் என்றார் டாக்டர். பிழைப்பேனா என்று கேட்கப் போனவளிடம் பிள்ளையைப் பற்றிய பேச்சு. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ஸ்ட்ருவன்தான், "ரெண்டையும் காப்பாத்துவோம்" என்றான். ஐந்து வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், இப்படி உறுதியாக அவன் பேசிக் கேட்டதில்லை.

ராத்திரி அவனே சமைத்தான். கறியில் உப்பில்லை. சொல்லவில்லை.

6 மார்ச்

இரத்தப் பரிசோதனை, ஸ்கேன். முட்டைக்குக் குறைவில்லையாம். நர்ஸ் பெர்நடெட், அறுபதை நெருங்கியவர், எல்லாரையும் கண்ணு என்று கூப்பிடுகிறார். "முட்டையாவே வைக்கட்டுமா, இல்ல இவரோடத சேர்த்துக் கருவாக்கி வைக்கட்டுமா? பாதிப் பாதியும் வைக்கலாம் கண்ணு. முட்டைன்னா உன்னோடது. கருன்னா ரெண்டு பேரும் சரின்னு சொன்னாத்தான் எடுக்க முடியும்."

ஸ்ட்ருவன் என் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். பாதியைத் தனியாக என்று சொன்னால் அவன் முகம் என்னவாகும்?

"மொத்தத்தையும் சேர்த்தே வைங்க" என்றேன். வெளியே வந்ததும் கார் நிறுத்துமிடத்தில் நின்று அழுதான்.

எய்லி அக்காவிடம் போனில் சொன்னேன். "மொத்தத்தையுமாடி? உனக்குன்னு நாலு வச்சிருக்கலாமே."

"நாங்க அப்படிப்பட்டவங்க இல்ல" என்று வைத்துவிட்டேன். பிரிவதற்கு வழி பார்த்து வைத்துக்கொண்டா சேர்ந்து வாழ்வது?

13 மார்ச்

முட்டைகள் வளர தினமும் வயிற்றில் ஊசி. ஸ்ட்ருவன்தான் போடுகிறான். மதுக்கடையில் பலகைக்கு அம்பெறிந்து பழகிய கையாம். "அசையாத. நடுப்புள்ளிக்குக் குறி வச்சிருக்கேன்." சிரித்தால் வலிக்கிறது.

26 மார்ச்

முதல் மருந்து. நாற்காலியில் சாய்ந்து கிடந்தபோது கிளினிக்கிலிருந்து போன். போன வாரம் எடுத்த முட்டைகளில் ஐந்து கருக்கள் நன்றாக வந்து, உறையவைத்தாகிவிட்டதாம்.

"உன் பஸ் மாதிரிதான்" என்றான் ஸ்ட்ருவன். "ரொம்ப நேரம் ஒண்ணும் வராது. வந்தா மொத்தமா வரும்." பக்கத்து நாற்காலியில் மருந்து ஏறிக்கொண்டிருந்த கிழவரும் சிரித்துவிட்டார்.

2 ஜூன்

வாந்தி. முடி போயாயிற்று. அவன் முகம் சுளிக்காமல் வாளியைக் கழுவுகிறான்.

17 நவம்பர் 2021

நோய் போய்விட்டது. இன்று அவனும் போய்விட்டான். சண்டை இல்லை, வேறு பெண் இல்லை. "நான் உனக்கு நர்ஸாவே ஆயிட்டேன் மோர்வன். திரும்பப் பழைய ஆளா மாறத் தெரியல." திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அழுதான். நானே தேற்றி அனுப்பினேன், என் தலையெழுத்து.

8 பிப்ரவரி 2023

மாதவிலக்கு நின்று வெகுநாளாகிவிட்டது என்று போய்ப் பார்த்தேன். இரத்தம் எடுத்தார்கள். முட்டைப்பை ஓய்ந்துவிட்டதாம். எனக்கு முப்பத்தைந்து வயது.

"உறைய வச்ச கரு இருக்கில்ல?" என்றார் டாக்டர்.

இருக்கிறது. ஸ்ட்ருவன் சரி என்றால் இருக்கிறது.

22 ஏப்ரல்

ஆற்றோரக் கடையில் சந்தித்தோம். எனக்கு முன்பே வந்து, எனக்குப் பிடித்த கேக்கை வாங்கி வைத்திருந்தான். அதிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"காசு கேக்க மாட்டேன். உன் பேரக்கூடப் போட வேணாம். சரின்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்."

"லோர்னாவுக்கு ஆகஸ்ட்ல குழந்தை பிறக்கப் போகுது" என்றான். லோர்னா இப்போது அவனோடு இருப்பவள். "என் பிள்ளை எங்கேயோ வளரும், நான் இங்க ஒண்ணும் தெரியாத மாதிரி இருக்கணும். என்னால முடியாது மோர்வன்."

"எனக்கு வேற இல்லடா. அந்த அஞ்சுதான்."

"தெரியும். அதான் நேர்ல வந்தேன்."

நேர்ல வந்தானாம். பெரிய மனுஷன். அவன் மேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். அதைவிட என் மேல்தான். சீட்டு எடுக்காதவனை நடுவழியில் இறக்கிவிடுகிறவள் நான், ஊருக்கே தெரியும் என் வாய். அன்னைக்கு மட்டும் அது எங்க போச்சு? பாதியைத் தனியா வைங்கன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஏன் சொல்லல — அவன் பக்கத்துல உக்காந்திருந்தான். அவ்வளவுதான். வேற ஒரு காரணமும் இல்ல.

24 ஏப்ரல் 2024

அவன் மனம் மாறுமா என்று பார்க்கச் சட்டம் கொடுத்த ஒரு வருடம் முடிந்தது. மாறவில்லை. இன்று ஐந்தையும் உறைபெட்டியிலிருந்து வெளியே எடுத்து அழியவிட்டுவிட்டார்கள். மத்தியானம் பஸ் ஓட்டப் போனேன். குழந்தை வண்டியோடு நின்றவர்களுக்கெல்லாம் சாய்தளத்தை இறக்கிக் கொடுத்தேன்.

10 அக்டோபர் 2024

சிகிச்சைக்கு முன் பயந்துபோய் வருகிறவர்களிடம் அனுபவப்பட்ட ஒருத்தி பேசினால் நல்லது என்று பெர்நடெட் கூப்பிட்டிருந்தார். முதலில் மாட்டேன் என்றேன். இன்று போனேன்.

கிர்ஸ்டி, இருபத்தாறு வயது. கழுத்தில் எனக்கிருந்த அதே இடத்தில் கட்டுப் போட்டிருந்தது. அவள் கையைப் பிடித்தபடி பக்கத்தில் அவளுடைய ஆள்.

"தம்பி, கீழ கடைல மூணு டீ வாங்கிட்டு வாங்களேன். இந்த மெஷின் டீயை வாய்ல வைக்க முடியாது." லிஃப்ட் கதவு மூடும் வரை காத்திருந்தேன்.

"பாதியைத் தனியா வச்சுக்க" என்றேன்.

அவள் முகம் சிவந்துவிட்டது. "அவன் மனசு கஷ்டப்படும்க்கா. நாங்க அப்படிப்பட்டவங்க இல்ல."

"நானும் அதைத்தான் சொன்னேன். கஷ்டப்பட்டா படட்டும், ஆறிடும்."

அவள் லிஃப்ட் பக்கம் திரும்பிக்கொண்டாள். என்ன முடிவு எடுப்பாளோ.

அவன் மூன்று கோப்பைகளையும் சிந்தாமல் கொண்டுவந்தான். அவளுடையதை மட்டும் ஊதி ஆற்றிக் கொடுத்தான். நல்ல பையன்.

ஸ்ட்ருவனும் நல்லவன்தான்.