ஆக்டோபஸைச் சுரண்டிய கை

பாப்பா,

நாள் முழுக்க ஊரார் பல்லில் காரை சுரண்டும் டாக்டர் கை இது. நேற்று உன் ஸ்பூன் காம்பில் ஏதோ ஒட்டியிருப்பதைக் கண்டதும் பழக்கதோஷத்தில் சுரண்டிவிட்டது. அது நீ பாலிமர் களிமண்ணில் செய்த ஆக்டோபஸ் என்று, "போப்பா, உன்கூட காய்!" என்று நீ கத்திய பிறகுதான் தெரிந்தது.

விடிந்ததும் நானே ஒன்று செய்து ஒட்டினேன். அம்மா பார்த்துவிட்டு, "வேரோட பிடுங்கின கடைவாய்ப்பல்லை ஏங்க ஸ்பூன்ல ஒட்டியிருக்கீங்க?" என்கிறாள்.

இன்னும் ஓவனில் சுட்டு இறுக்கவில்லை. கண்ணும் வாயும் உன் இஷ்டம். அம்மா பக்கத்தில் இல்லாமல் ஓவனைத் தொடாதே. சாப்பாடு மேஜைமேல் மூடியிருக்கிறது.

அப்பா

பி.கு.: ஏழு கால்தான் ஒட்டியிருக்கிறேன். எட்டாவதை உருட்டித் தட்டில் வைத்திருக்கிறேன். சாயங்காலம் நான் வரும்போது அதுவும் ஒட்டியிருந்தால், பழம் என்று எடுத்துக்கொள்வேன்.