எல்லையில் நின்ற பாக்கு மரம்

அண்ணே,

மூன்று நாளாகப் பனி கொட்டுகிறது. ஓடையோரத் தேயிலை கருகிவிட்டது. என் பாக்கு மரத்து ஓலையும் பொசுங்கித் தொங்குகிறது. அந்த வாசம் மூக்கில் ஏறியதும் உங்கள் நினைப்பு வந்துவிட்டது. எனக்கு எழுத்துத் தெரியாது, உங்களுக்கே தெரியும். நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். சொன்னதைத்தான் எழுதுகிறாளா என்று நாலு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்கிறேன்.

முன்பு இதே மாதிரி பனி கொட்டிய வருஷம் மரம் ஆள் உயரம். நாம் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் உங்கள் மரக்கறித் தோட்டத்துக்கும் என் தோட்டத்துக்கும் அது ஒன்றுதான் எல்லை. அது செத்தால் எது யார் பாத்தி என்று சொல்லச் சாட்சி இல்லை. பனியில் கருகியதைப் பார்த்துக் கவ்வாத்துக் கத்தியோடு போனேன். காலமெல்லாம் தேயிலை வெட்டியவன் நான். தலையை வெட்டினால் துளிர்க்கும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நீங்கள் வந்து கையைப் பிடித்தீர்கள்.

“டேய், இது என்ன தேயிலையா, வெட்டுனா நாலு பக்கமும் துளிர்க்க? இதுக்கு ஒரே தலைடா. காஞ்ச ஓலை குருத்துக்குப் போர்வையா கெடக்கட்டும்.”

“என் மரத்து மேல உங்களுக்கு என்னா அக்கறை?”

“சரி, வெட்டு. எனக்கென்ன.”

அந்த ‘எனக்கென்ன’தான் உறுத்தியது. வெட்டாமல் விட்டேன். ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

நாலைந்து நாள் கழித்து மருந்தடிக்கிற வேலை முடிந்து ஒரு டின்னோடு வந்தீர்கள். நடுக்குருத்தைத் தொட்டீர்கள், அது கையோடு வந்தது. அந்த ஓட்டைக்குள் நீலத் தண்ணீரை ஊற்றினீர்கள். நான் ஓடி வந்தேன்.

“குருத்தப் புடுங்கிட்டீங்களே!”

“அழுகிப்போய் தானா வந்துச்சுடா. மோந்து பாரு.”

மோந்து பார்க்கவில்லை. நேரே கங்காணியிடம் போனேன். தேயிலைக் கொப்புள நோய்க்கு அடிக்கிற மருந்தை ஊற்றி என் மரத்தைக் கொல்கிறார் என்றேன். தோட்டத்து மருந்தை எடுத்ததற்காக மறுநாளே உங்களைத் தண்ணீர் ஓடுகிற கான் வெட்ட அனுப்பினார்கள். அந்த வயதில், முழங்கால் சேற்றில். நீங்கள் சண்டைக்கு வரவில்லை. அதையும் சந்தேகப்பட்டேன்.

அதற்குப் பிறகும் பொழுது சாய்ந்தால் மரத்தின் தலைக்கு உரச் சாக்கைக் கட்டினீர்கள், விடிந்தால் அவிழ்த்தீர்கள். நீங்கள் போனதும் நான் குருத்துக்குள் விரலை விட்டுத் துழாவிப் பார்ப்பேன், என்ன வைத்திருக்கிறீர்கள் என்று. ஒன்றும் இருக்காது. மழை பிடித்த பிறகு ஒரு நாள் விரலில் ஏதோ குத்தியது. பச்சையாக, ஊசி போல.

தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் எல்லோரும் இருக்கும்போது கேட்டேன், “ஏண்ணே இவ்வளவு பாடுபட்டீங்க?”

“மரம் செத்தா எல்லைக்கு நீ கல்லு நடுவ. கல்லு நடக்கும்டா தம்பி. மரம் நடக்காது.”

எல்லோரும் சிரித்தார்கள். என்னைத் திருடன் என்கிறீர்களா என்று கத்தினேன். மூன்று மாதம் உங்களோடு பேசவில்லை. பேச ஆரம்பித்த பிறகும், நீங்கள் கண்ணை மூடுகிற வரைக்கும், இதை மட்டும் சொல்லவில்லை.

பனி விழுந்த அன்றைக்கே ஓடையில் ஒரு கல்லைப் பார்த்து வைத்திருந்தேன், அண்ணே. உங்கள் பக்கம் இரண்டடி தள்ளி, அதை நடுவதற்கு இடமும் பார்த்திருந்தேன். இன்றைக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்த இடத்தில் போய் நிற்பேன்.