தூதரகத்துக்கு நான் எழுதின மன்னிப்பு

செவ்வாய், ஐப்பசி 14

கடற்படையில் அதிகாரியா இருக்கற என் மகன் மேல ஒரு வெளிநாட்டுக் கப்பல் கேப்டன் புகார் கொடுத்திருக்கான். சோதனை போட வந்த இடத்துல இவன் தன்னை அடிச்சுட்டானாம். அந்தக் கடல் பக்கம் போர் நடக்கற நேரம். நம்ம எண்ணெய்க் கப்பலெல்லாம் அந்தக் கேப்டனோட நாட்டைத் தாண்டித்தான் வரணும். அதனால டில்லியில யாரும் இவனுக்காகப் பேச மாட்டேங்கறாங்க.

சிங்காநல்லூர்ல எங்க பட்டறைப் பக்கம் பசங்க அடிச்சுக்கிட்டா, தப்பு யார் மேலன்னு பார்க்காம பெத்தவங்க போய், "மனசுல வெச்சுக்காதீங்க"ன்னு சொல்லுவோம். அதோட முடிஞ்சுரும். அதே நெனப்புல அந்த நாட்டுத் தூதரகத்துக்கு மன்னிப்புக் கேட்டு மெயில் அனுப்பிப்போட்டேன்.

இன்னைக்கு மகன் கூப்பிட்டான். குடும்பமே தப்பை ஒத்துக்கிச்சுன்னு தூதரகம் அதை டில்லிக்குக் கொடுத்துருச்சாம். நாளைக்கு விசாரணை.

"ஏனுங்கப்பா, நான் அடிச்சிருப்பேன்னு நீங்களும் நம்பிட்டீங்களா?"

பதில் சொல்றதுக்குள்ள வெச்சுட்டான். அப்பறம் எத்தனை தடவை கூப்பிட்டும் எடுக்கலை.

நம்பவே இல்லை கண்ணுன்னு சொல்லத்தான் கூப்பிடறேன். ஆனா அந்த மெயிலை எழுதறப்ப ஒரு நிமிஷம் நம்பினேன்.