கண்மாய்க்கரை டப்பாவில் உன் பெயர்

என் தங்கமே, முத்துச்செல்வி,

அம்மா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உன் மகள் செய்து வைத்த காரியத்தை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

நீ போனபோது பவித்ரா மூன்றாம் வகுப்பு. இப்போது எட்டாவது. நான்தான் உன் வீட்டிலேயே தங்கி அவளை வளர்க்கிறேன். அவளுக்குப் பறவைப் பைத்தியம் பிடித்திருக்கிறது. மாப்பிள்ளை ஒரு பைனாகுலர் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சமயநல்லூருக்கு அந்தப் பக்கம் வனத்துறைக்காரர்கள் வேலி போட்டுப் பறவைக்கென்று விட்டிருக்கிற கண்மாய்க்குப் போகணும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். தனியாக விட முடியுமா? காளவாசலில் பஸ் ஏறி நானும் கூடப் போனேன்.

கண்மாயில் நல்ல தண்ணீர். கருவேல மரமெல்லாம் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறது, கிளைக்குக் கிளை கூடு. நீர்க்காகம், அரிவாள்மூக்கன் என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கு எல்லாம் கொக்குதான். நத்தைகுத்தி நாரை என்று ஒன்றைக் காட்டி, அதற்கு வாய் முழுசாக மூடாது அம்மாச்சி என்றாள். உன் நாத்தனார் இங்கேயா வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று கேட்டேன். காவலுக்கு நின்ற ஆளும் சிரித்துவிட்டார்.

அதோடு திரும்பியிருக்கலாம்.

போனை எடுத்து வைத்துக்கொண்டு, இங்கே ஒரு டப்பா ஒளித்து வைத்திருக்கிறார்கள், போன் வழி காட்டும், நாம் கண்டுபிடிக்க வேண்டும் என்றாள். யார் ஒளித்தது? முன்பின் தெரியாத ஆட்கள். ஊர் உலகமெல்லாம் ஆடுகிற விளையாட்டாம். கண்டுபிடித்தவர்கள் உள்ளே இருக்கிற தாளில் பெயர் எழுதணும். ஒரு சாமானை எடுத்துக்கொண்டு தன் சாமான் ஒன்றை வைக்கணும். பிறகு இருந்த இடத்திலேயே ஒளித்துவிட்டு வந்துவிடணும்.

கரை ஓரத்துப் புங்கமர வேரில் ஒரு கல்லை நகர்த்தி டப்பாவை எடுத்தாள், திறந்தாள். விரல் நீளத்தில் ஒரு பொம்மை. ஊக்கு. சிவப்புப் பாசிமணி. துருப்பிடித்த சாவி. சுருட்டிய தாளில் யார் யார் பெயரோ.

செல்வி, நீ காய்ச்சலில் கிடந்தபோது குறி சொல்ல வந்த கோடாங்கி முருங்கை அடியில் தோண்டி எடுத்த டப்பா ஞாபகம் இருக்கிறதா? அதிலும் ஒரு பொம்மை, கொஞ்சம் முடி, உன் பெயர் எழுதிய தகடு. "கோடாங்கியே கொண்டாந்து வச்சிருப்பாரும்மா" என்று நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. புதைத்தது யார் என்று எனக்குத் தெரியும். இன்றுவரை உன் நாத்தனார் வீட்டில் நான் பச்சைத்தண்ணீர் குடித்ததில்லை. போன மாதம் அவள் மகன் கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்கோடு பத்திரிகை நீட்டினாள். நான் கை நீட்டவில்லை.

நான் வாய் திறப்பதற்குள் பவித்ரா தாளில் எழுதிவிட்டாள். தலையில் இருந்த கிளிப்பைக் கழற்றி உள்ளே போட்டாள், சிக்கியிருந்த முடியோடு. தலை சீவினால் உதிர்ந்த முடியைச் சுருட்டி, துப்பிப் போடு என்று சொல்லி வளர்த்த பிள்ளை. டப்பாவைப் பிடுங்கி, முடியை ஒவ்வொன்றாக உருவி முந்தானையில் முடிந்துகொண்டேன். தாளைப் பார்த்தால் அவள் கையெழுத்தில் இரண்டு பெயர்.

"யாரு பேருடி இது?"

"எம்பேரும் அம்மா பேரும்."

இருக்கிற பிள்ளையின் பெயரையும் போனவள் பெயரையும் சேர்த்து எழுதி மரத்தடியில் வைப்பார்களா? கிழி என்றேன். மாட்டேன் என்றாள். கெஞ்சினேன், திட்டினேன்.

"ரேசன் கார்டுல அம்மா பேர எடுத்தாச்சு. வீட்டு குரூப்புலயும் எடுத்தாச்சு. இதுலயாச்சும் நாங்க ரெண்டு பேரும் சேந்து இருக்கோம், விடுங்க அம்மாச்சி."

அவள் அழவில்லை. அவளே தாளைச் சுருட்டி வைத்து, மூடி, கல்லை நகர்த்தினாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். தடுத்திருக்கணுமோ?

இன்று காலை அவள் உடம்பு சுட்டது. "சளிதான் அத்தை, ஈரக்காத்துல நின்னுருப்பா" என்றார் மாப்பிள்ளை. உனக்கும் முதலில் இதே வார்த்தையைத்தான் சொன்னார். நான் எதையும் மறக்கிறவள் இல்லை. அவரை எதிர்பார்க்காமல் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ரத்தம் எடுத்திருக்கிறார்கள், சாயங்காலம் தெரியுமாம். பயப்பட ஒன்றும் இருக்காது என்று டாக்டரம்மா சொன்னார்.

டாக்டரம்மாவுக்கு என்ன தெரியும்? காய்ச்சலுக்கு மருந்து இருக்கிறது. எனக்குப் பயமெல்லாம் உன்னிடத்தில்தான்.

கோபப்படாதே தாயி. பெற்ற பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள உனக்கு ஆசை இருக்காதா? அங்கே தனியாக இருக்கிறவளுக்கு, தன் பெயரை மகள் பெயரோடு பார்த்தால் கூப்பிடத் தோன்றாதா? எனக்குத் தோன்றுமே. உன்னை நான் எம்புட்டு நாள் கூப்பிட்டிருக்கிறேன்.

அவளைக் கூப்பிடாதே. அவள் பார்க்க வேண்டிய பறவை இன்னும் எத்தனையோ இருக்கிறதாம். படுக்கையில் கிடந்தபடி இப்போதும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நான் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். அந்தத் தாளை யார் சொன்னாலும் கிழிக்க மாட்டேன். உன் பெயர் அவள் பக்கத்திலேயே இருக்கட்டும். ஆனால் துணைக்கு ஆள் வேண்டும் என்று உனக்குத் தோன்றினால், என் பெயரைச் சொல்லிக் கூப்பிடு. உலை கொதித்துக்கொண்டிருந்தாலும் அப்படியே போட்டுவிட்டு வாரேன்.

உன்னைப் பெற்றவள், உன் பிள்ளையை வளர்க்கிறவள்,
அம்மா